கம்பம் திராட்சையும் மூன்று வாளி மண்ணும்

நீர் சுழற்சிப் பாடத்தில் ஆவியாதல், நீராவிப்போக்கு இரண்டுக்கும் சேர்த்துக் கரும்பலகையில் ஒரே அம்புக்குறி போட்டுவிட்டு நகர்வது என் பழக்கம். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில், "சொட்டுநீர்ப் பாசனத்தில் நீர் ஆவியாவதில்லை" என்றும் எழுதிப்போட்டேன். "சொட்டு விழுற இடம் எப்பவும் ஈரமாத்தானே சார் இருக்கும்? அது காயாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நெசவாளர் வீட்டுப் பெண். தெருவில் நீட்டிய பாவு வெயிலுக்கும் காற்றுக்கும் எப்படிக் காய்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவள். நான் எழுதியது தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

விளக்குவதற்குத் தேனி மாவட்டத்துத் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. முல்லைப் பெரியாற்று நீரையும் கிணறுகளையும் நம்பி அங்கே பன்னீர் திராட்சை விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை அது. கொடியைப் பந்தலில் படரவிடுகிறார்கள். இலை மூடியிருக்கும்போது தரையில் நிழல். நீரின் பெரும்பகுதி வேர் வழியாக ஏறி இலைத்துளை வழியாக வெளியேறும். அதை வீண் என்று சொல்ல முடியாது. கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்கத் துளையைத் திறக்கும் இலை, நீரை இழந்துதான் ஆகவேண்டும். கவாத்து செய்தபின் நிலைமை வேறு. பந்தலில் இலை இல்லை, வெயில் நேரே தரையில் விழுகிறது. அப்போது பாய்ச்சும் நீரில் பெரும்பங்கு கொடிக்குப் பயன்படாமல் மண்ணிலிருந்தே போய்விடும்.

இதைக் காஞ்சிபுரத்துப் பள்ளி வளாகத்தில் காட்ட மூன்று வாளிகள் போதும். நான் முதலில் மண்தொட்டிகளை வைத்துக் கெடுத்தேன். தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் கசிந்து ஆவியாகும். பெயின்ட் வந்த பிளாஸ்டிக் வாளிகள் நல்லவை. மூன்றிலும் ஒரே மண், ஒரே அளவு நீர். ஒன்று திறந்த வெயிலில், ஒன்று மரநிழலில், மூன்றாவது வெயிலில்தான், ஆனால் மேலே வைக்கோல் மூடாக்கு. சத்துணவுக் கூடத்துத் தராசில் தினமும் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் எடை பார்க்க வேண்டும். நேரம் மாறக் கூடாது.

வெயிலில் திறந்திருக்கும் வாளி முதலிரண்டு நாள் வேகமாக எடை குறையும். பிறகு மேல்மண் வெளுத்து உலர்ந்ததும் வேகம் தானாகத் தணியும். உலர்ந்த அந்த மேலடுக்கே அடியிலிருக்கும் ஈரத்துக்கு மூடியாகிவிடுகிறது. மாணவர்கள் எதிர்பார்க்காத இடம் இது. அவசரப்படாமல் இங்கே நிறுத்திப் பேசவிடுங்கள். அந்த மாணவியின் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. தினமும் கொஞ்சம் நீர் தெளித்தால் அந்த மூடி உருவாகவே வழியில்லை. சொட்டுநீரில் சேமிப்பு வருவதற்குக் காரணம் நனையும் பரப்பு சிறியது என்பது. நனைந்த இடத்தில் ஆவியாதல் நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த இடத்தில் மூடாக்குப் போட்டால் அதுவும் குறையும்.

கணக்குப் பாடத்தையும் இதில் சேர்க்கலாம். வாளி வாயின் விட்டம் 30 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 707 ச.செ.மீ. ஒரு நாளில் 350 கிராம் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 350 கன செ.மீ. நீரை 707ஆல் வகுத்தால் ஏறக்குறைய அரை செ.மீ., அதாவது 5 மி.மீ. உயர நீர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர். முழுப்பரப்பும் நனைந்த ஓர் ஏக்கருக்குப் பெருக்கச் சொல்லுங்கள்: சுமார் 20,000 லிட்டர். எங்கள் வகுப்பில் ஒருவன் அதை 1,000 குடிநீர்க் கேன் என்று மாற்றிச் சொன்னான். அதன்பின் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

நான்காவதாகக் கீரை வளர்ந்த வாளி ஒன்றையும் சேர்க்கலாம். அதில் மண் இழந்தது எவ்வளவு, இலை இழந்தது எவ்வளவு என்று பிரிக்க, மண்பரப்பை மட்டும் பாலித்தீன் தாளால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு எடை பார்க்கலாம் என்பது மாணவர்களே சொன்ன வழி. ஜூனில் பள்ளி திறந்ததும் அதைத்தான் தொடங்கப்போகிறோம்.