ஏ.பி.எஸ் விளக்கு எரிந்தால் சென்சாரைத்தான் மாற்ற வேண்டுமா?

மழைக்காலம் கழிந்ததும் சென்னையில் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பக்கத்துப் பட்டறைகளுக்கு டேஷ்போர்டில் மஞ்சள் ஏ.பி.எஸ் விளக்கு எரிந்தபடியே பிக்கப் வண்டிகள் வருவதுண்டு. ஸ்கேனரை மாட்டினால் ‘இடது முன் சக்கரம், ஸ்பீடு சென்சார்’ என்று பிழைக் குறியீடு (கோடு) வருகிறது. புது சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரிகிறது. லோடு ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அது வீண் செலவு, ஓட்டம் போன நஷ்டம் வேறு. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போல ஏ.பி.எஸ் உள்ள எந்த பிக்கப்புக்கும் இது பொருந்தும்.

“ஸ்கேனரே சொல்லிடுச்சு, சென்சார் போச்சு.”

ஸ்கேனர் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சக்கரத்திலிருந்து வர வேண்டிய சிக்னல் வரவில்லை, அல்லது மற்ற மூன்று சக்கரங்களோடு ஒத்துப்போகவில்லை, ஏ.பி.எஸ் கணினிக்குத் தெரிவது அவ்வளவுதான். கோளாறு சென்சாரில் இருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம், சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கலாம், சென்சார் படிக்கும் பல் வளையம் விரிசல் விட்டிருக்கலாம், ஹப் பேரிங் ஆடலாம். முன் சக்கரத்தில் முதலில் வயரைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மடங்கி நிமிர்வது அதுதான். வெளி உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழை மட்டும் அறுந்து கிடப்பதும் உண்டு. நிறுத்திய வண்டியில் சரியாகக் காட்டி, வளைவில் மட்டும் கோடு விழுந்தால் சந்தேகம் வயர் மேல்தான் போக வேண்டும்.

“வெள்ளத் தண்ணி பட்டுச்சு, சென்சார் செத்துடுச்சு.”

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளில் எத்தனையோ வண்டிகள் மூழ்கி நின்றன. ஆனால் சென்சாரின் தலை பிளாஸ்டிக்கில் வார்த்து மூடப்பட்டது. அதற்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. தண்ணீர் கெடுப்பது சாக்கெட்டையும் பேரிங்கையும்தான். சாக்கெட்டில் தேங்கிய ஈரம் பல வாரம் கழித்துக்கூட முள்ளை அரிக்கும். பேரிங்கில் இறங்கிய தண்ணீர் கிரீஸைக் கெடுக்க, நாளடைவில் சக்கரம் ஆடத் தொடங்கும். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறிவிடும்.

துருவுக்கும் இதே வேலைதான். சாலையில் பனிக்கு உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப், எஸ்.யு.வி. வண்டிகள் சுமார் 8 லட்சத்தை 2005இல் திரும்ப அழைத்தது. சென்சார் உட்காரும் இடத்தில் துரு கிளம்பி, சென்சாரை மெல்லத் தூக்கிவிட்டது. சிக்னல் தளர்ந்ததும், வண்டி நிற்கப் போகிற வேளையில் ஏ.பி.எஸ் வேண்டாத இடத்தில் இயங்கி பிரேக் தூரம் கூடியது. அங்கே சென்சார் உட்கார்ந்த இடத்தைச் சுத்தம் செய்வதே முக்கிய வேலையாக இருந்தது. கடற்காற்று அடிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கத்து வண்டிக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: போக்குவரத்து சிக்னலுக்கு முன் மெதுவாக நிற்கும்போது பெடல் அதிர்ந்தால் துருவைத் தேடுங்கள்.

“மல்டிமீட்டர்ல ஓம்ஸ் வரல, அப்போ சென்சார் டெட்.”

பழைய வகை சென்சாருக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தும். அது காந்தமும் சுருளும் கொண்டது. பெரும்பாலும் ஓராயிரம், ஈராயிரம் ஓம்ஸ் அளவில் காட்டும், சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறு ஏசி மின்னழுத்தம் தரும். இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது வேறு வகை: மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், உள்ளே சிறு மின்னணுச் சில்லு உண்டு. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. நல்ல சென்சாரைச் செத்ததாக முடிவுகட்டுவது இப்படித்தான். சரியான வழி, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து நான்கு சக்கர வேகத்தையும் சேர்த்துப் பார்த்தபடி வெறிச்சோடிய சாலையில் ஓட்டிப் பார்ப்பது. ஓட்டுகிறவர் ஒருவர், திரையைப் பார்க்கிறவர் இன்னொருவர். ஒரு சக்கரம் மட்டும் திடீரெனச் சுழிக்கு விழுகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதா, மற்றவற்றோடு எப்போதும் சிறிது வித்தியாசத்தில் ஓடுகிறதா? முதலாவது வயரைக் காட்டும். கடைசியானது வேறு அளவு டயரால்கூட வரும்.

“பேரிங் மாத்தினதும் லைட் வந்துச்சு, பேரிங் டூப்ளிகேட்.”

இருக்கலாம். ஆனால் புதுவகை ஹப் பேரிங் பலவற்றில் பல் வளையம் தனியாக இராது. ஒரு பக்கத்து ரப்பர் சீலிலேயே காந்த வளையம் ஒளிந்திருக்கும். பார்வைக்கு இரு பக்கமும் ஒன்று போலவே தெரியும். திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு ஒன்றுமே கிடைக்காது. மாட்டும் முன் ஒரு சின்ன இரும்பு கிளிப்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தப் பக்கம் இழுக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும்.

“பல்ப கழட்டிடு, பிரேக்தான் பிடிக்குதே.”

ஏ.பி.எஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், உண்மை. ஆனால் பிக்கப்பில் லோடு இல்லாதபோது பின்பாரம் மிகக் குறைவு. அழுத்திப் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் இறுகி, ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கம் சுழலும். இதைத் தடுக்கும் இ.பி.டி. (பிரேக் விசைப் பங்கீடு) வசதியும் அதே சக்கர சென்சார்களை நம்பியே இருக்கிறது. மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. பல்பைக் கழற்றிவிட்டால் அந்த எச்சரிக்கை உங்களுக்கு வராது, அடுத்து ஓட்டப் போகிறவருக்கும் வராது.

சென்சார் வாங்கச் சொன்னால் பணம் கொடுக்கும் முன், “நாலு வீல் வேகத்தையும் ஓட்டிக் காட்டுங்கண்ணே, அப்புறம் வாங்கறேன்” என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.