காணாமல் வாங்கும் சரக்கு
பழைய வியாபார ஸ்தாபனங்கள் இணைய வாணிபத்திற்கு மாறும் முறை

தூத்துக்குடிக் கடற்கரையின் வியாபாரப் பெருமையை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முத்தும் சங்கும், உப்பும் கருவாடும், தேரிக்காட்டுக் கருப்பட்டியும் இக்கரையிலிருந்து வெளியூர்களுக்குச் சென்ற சரக்குகளாகும். இவற்றைக் கையாண்ட மண்டிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே முறையில் வியாபாரம் நடத்தி வந்தன. வாங்குபவர் நேரில் வருவார். சரக்கைத் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பார். பிறகே விலை பேசுவார்.

இந்நிலை இன்று மாறியுள்ளது. 1995 ஆகஸ்டு 15-ல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு திறந்துவிடப்பட்டது. 2016-ல் யு.பி.ஐ. முறை வந்ததும், கைப்பேசியிலிருந்தே பணம் செலுத்துதல் எளிதாயிற்று. சென்னையிலும் டில்லியிலும் இருப்போர் ஒரு படத்தைப் பார்த்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் பணம் அனுப்புகின்றனர். இம்மாறுதலில் ஒரு பழைய ஸ்தாபனத்தைத் தலைமையேற்று நடத்துவோர் செய்ய வேண்டுவன யாவை என்பதைக் கருப்பட்டியை உதாரணமாகக் கொண்டு ஆராய்வோம்.

முத்துக் குளிப்பு புகட்டும் பாடம்

உள்ளிருப்பதைக் காணாமல் சரக்கை வாங்குவது இக்கரைக்குப் புதிதன்று. முத்துக் குளிப்பு நடந்த காலங்களில், கரையில் கொண்டுவந்து குவிக்கப்பட்ட சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. எந்தச் சிப்பியில் முத்து உண்டு என்பது விற்றவருக்கும் தெரியாது; வாங்கியவருக்கும் தெரியாது. எனினும் வியாபாரிகள் தொலைவிலிருந்து வந்து துணிந்து ஏலம் கேட்டனர். காரணம் என்ன? குளிப்புக்கு முன்னரே சர்க்கார் அதிகாரிகள் கடலடியிலுள்ள பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துக்களை மதிப்பிடச் செய்தனர். அம்மதிப்பே ஏலத்திற்கு ஆதாரமாக நின்றது. 1961-ஆம் ஆண்டுக்குப் பின் இக்கரையில் அத்தகைய முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அதன் பாடம் இன்றும் பயன்படும்: சரக்கைக் காண இயலாதவிடத்து, அதைப் பற்றிய சோதனை முன்னதாக நடந்து வெளிப்பட வேண்டும்.

2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பெற்ற தேசிய வேளாண் மின்னணுச் சந்தையும் இத்தத்துவத்தையே பின்பற்றுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு வரும் விளைபொருளின் தரம் அங்கேயே சோதிக்கப்பட்டு, அவ்விவரம் வெளியிடப்படுகிறது. அதனால் வேற்றூர் வியாபாரியும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்க முடிகிறது.

ஒரு மண்டியில் நாம் கண்டது

உடன்குடிப் பகுதியில் பழைய கருப்பட்டி மண்டி ஒன்றை நாம் அறிவோம். மண்டிக்காரரின் புதல்வர் பட்டதாரி. தந்தையாரிடம் அதிகம் கலந்து பேசாமலே இணைய அங்காடி ஒன்றில் கணக்குத் திறந்து விற்பனையைத் தொடங்கினார். கோடைக் காலத்தில் வியாபாரம் நன்கு நடந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் கருப்பட்டி ஈரம் கொண்டு இளகிற்று. பல கட்டுகள் திரும்பி வந்தன. சீனி கலந்த சரக்கு என்று சிலர் குறை எழுதினர். விசாரித்ததில், பருவம் முடிந்த பின் வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த சிப்பங்கள் சில அவ்வாறே இருந்தன. புதல்வர் மனமுடைந்து கணக்கை மூடினார்.

ஓராண்டு கழித்து அவர்கள் மீண்டும் தொடங்கினர். இம்முறை அம்மண்டியில் முப்பது ஆண்டு சரக்குப் பிடித்த முதிய கணக்கப்பிள்ளை கட்டும் மேசைக்குத் தலைவரானார். கருப்பட்டியை உடைத்துச் சுவைத்து அவர் ஒப்புக்கொண்டாலன்றி ஒரு கட்டும் வெளியேறலாகாது என்று விதித்தனர். விற்பனை முன்னைவிடச் சிறிதே. ஆனால் திரும்பி வருவது மிக அரிது. முதல் முறை நேர்ந்த பிழை கைப்பேசியில் இல்லை. சரக்கறையில் இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

தலைமை வகிப்போர் கவனிக்க வேண்டியவை

1. தூய சரக்குக்குத் தனி விலை: கருப்பட்டியின் தரம் விடிலியில் தீர்மானமாகிறது. பனையேறி அதிகாலையில் மரமேறிப் பதநீர் இறக்க, அவர் இல்லத்தார் அதைக் காய்ச்சிப் பருவம் பார்த்துச் சிரட்டையில் வார்க்கின்றனர். தூய சரக்குக்கும் சீனி கலந்த சரக்குக்கும் மண்டி ஒரே விலை கொடுக்குமாயின், தூய சரக்கைச் செய்ய யார் முன்வருவர்? இணையத்தில் கிடைக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி பனையேறியின் கைக்குச் சென்றாக வேண்டும். இது தருமம் மட்டுமன்று. வியாபாரத்தின் அஸ்திவாரமும் ஆகும்.

2. எழுத்தில் உறுதி: கடையில் வாயால் சொன்னதை இங்கே எழுத்தில் சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் பெறுவது அவசியம். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது கட்டியவரின் பெயர், விலாசம், நிகர எடை, அதிகபட்ச விலை முதலியன கட்டின் மேல் இருத்தல் வேண்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும்; இம்மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் 2020-ல் அக்குறியீட்டைப் பெற்றது. உற்பத்தியாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளிகளாகத் தம்மைப் பதிவு செய்துகொள்வது நலம். ஊர்ப் பெயரைக் காக்கும் உரிமை நமக்கு உண்டு. அப்பெயரைக் கெடுக்காதிருக்கும் கடமையும் நமக்கே உரியது.

3. கணக்கு: ஒரு கிலோ கருப்பட்டியை 500 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 300, அங்காடியின் கழிவு 75, கட்டுக்கூலி 25, அனுப்பும் செலவு 70. ஆக 470 ரூபாய். மீதி 30. இருபது கட்டுகளில் ஒன்று உடைந்து திரும்புமாயின், 19 கட்டுகளில் 570 ரூபாய் இலாபம். திரும்பிய கட்டில் சரக்கு, கட்டுக்கூலி, போக்குவரத்து இருமுறை என 465 ரூபாய் நஷ்டம். எஞ்சுவது 105 ரூபாயே. இரண்டு கட்டுகள் திரும்பினாலோ 390 ரூபாய் கைநஷ்டம். ஈரம் புகாத உள்ளுறையும் உறுதியான பெட்டியும் வீண் செலவல்ல என்பது இக்கணக்கால் விளங்கும். மழை மாதங்களில் விற்பனையைக் குறைத்துக்கொள்வதும் விவேகமே.

4. விலைப் போட்டி: பெரும் அங்காடிகள் தள்ளுபடி விற்பனைக்கு நம்மை அழைக்கும். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிர்த்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை மிகவும் குறைத்துப் போட்டியிட்டதை நாம் அறிவோம். முதல் பெருத்தவர் பல நாள் நஷ்டம் தாங்குவர், சிறியவர் தாங்கார். ஆகவே மலிவைக் காட்டாமல் தூய்மையைக் காட்டி விற்பதே நமக்கு ஏற்றது. ஒரே அங்காடியை நம்பாமல், நேரடியாக எழுதிக் கேட்கும் வாடிக்கையாளர் ஜாபிதாவையும் வளர்த்துவர வேண்டும்.

5. பழைய உறவுகள்: நெடுநாள் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், அவர் விற்கும் விலைக்குக் குறைத்து இணையத்தில் விற்கலாகாது. ஆட்களுக்கும் அவ்வாறே. கைப்பேசி அறியாத முதியவரை ஒதுக்கிவிட்டால், சரக்கறிவு அவரோடு போய்விடும். இளைஞர் திரையைக் கவனிக்கட்டும்; முதியவர் தராசைக் கவனிக்கட்டும்; முதலாளி வாரந்தோறும் இருவரையும் உட்காரவைத்து, வந்த குறைகளைப் படித்து விசாரிக்கட்டும். தம் சரக்கைத் தாமே புகழ்ந்து வாடிக்கையாளர் பெயரில் எழுதுவது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளால் தடுக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்க.

பஞ்சாயத்தின் பங்கு

வியாபாரம் தனியார் காரியமாயினும் பஞ்சாயத்து வாளாவிருத்தல் தகாது. மழை புகாத பொதுக் கட்டுமிடம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கலாம். வீதிப் பெயரும் கதவிலக்கமும் தெளிவாக எழுதப்பட்டால், கட்டுகளை எடுக்க வருவோர் அலையார். மகளிர் சுய உதவிக் குழுவினர் ஓலைப்பெட்டி முடையவும், எடையிட்டுக் கட்டவும் பயிற்சி பெறலாம். பனையைக் காப்பது எல்லாவற்றினும் முதன்மையானது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை வெட்டலாகாது என்று 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதைக் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும். மரமும் ஏறுவோரும் குறைந்துபோனால், எத்தனை அங்காடிகளில் பெயர் பதிந்தும் பயனில்லை.

அன்பர்களே! உங்கள் ஊரில் பழைய மண்டியோ சங்கமோ இருப்பின், வரும் பருவத்தில் இருபது கட்டுகளோடு தொடங்குங்கள். திரும்பி வந்தவை எத்தனை, ஏன் வந்தன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்நோட்டு திருப்தி அளித்த பிறகே இருநூறுக்குச் செல்லுங்கள். நம் சரக்கைக் கண்ணால் காணாதவர் நம் சொல்லை நம்பிப் பணம் அனுப்புகிறார். அச்சொல் பிழையாதிருக்குமாறு ஸ்தாபனத்தை ஒழுங்கு செய்வதே தலைமை வகிப்போரின் முதற் கடமையாகும்.