மூக்கு கழுவக் கொதித்தாறிய நீர்

மூக்கடைப்பு, தூசி ஒவ்வாமை, சைனஸ் என்று அவதிப்படுகிறவர்களுக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல ஆறுதல். யோகப் பயிற்சியில் இதுவே ஜல நேத்தி.

குழாய்த் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றவே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அப்படிச் செய்த இருவர், நேக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூளையைத் தாக்கி இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத கிருமி, மூக்கு வழியே போனால் மூளைக்கு ஏறிவிடுகிறது. தண்ணீர் தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்கட்டும். ஊட்டி போன்ற மலையூர்களில் 3 நிமிடம். பிறகு மூடிவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும்.

அரை லிட்டருக்கு அயோடின் கலக்காத தூளுப்பு முக்கால் டீஸ்பூன், அதாவது சுமார் 4.5 கிராம். உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். ஒரு சிட்டிகை சமையல் சோடா அந்தக் காந்தலைக் குறைக்கும்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி நேத்திக் கிண்டி என்னும் மூக்குவைத்த சிறு பாத்திரத்தால் மேல்பக்க நாசியில் மெல்ல ஊற்றினால், கீழ்ப்பக்க நாசி வழியே சளியோடு ஒழுகி வரும். அப்புறம் மெதுவாகச் சிந்தினால் போதும்; பலமாகச் சிந்தினால் காதுக்குள் ஏறக்கூடும்.

காதுவலி இருப்பவர்களும் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்கலாம். நேத்திக் கிண்டியை ஒவ்வொரு முறையும் கழுவி, ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும்.