புலப்படாத துயரை மேடையேற்ற: நிதி திரட்டுவோர்க்குச் சில குறிப்புகள்

மனக்காயத்தையும், வெளிப்பார்வைக்குப் புலப்படாத குறைபாட்டையும் பொருளாகக் கொண்ட நாடகத்தை அரங்கேற்ற விழைவோர் கருதத்தக்கவை:

● அரங்க வாடகை, ஒளியமைப்பு, நடிகர் சன்மானம் ஆகியவற்றோடு, ஒத்திகைக் காலத்தில் நடிகர்களின் மனச் சாந்திக்குத் துணைநிற்கும் மனநல ஆலோசகரின் ஊதியத்தையும் செலவுத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

● 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மனநோய், ஆட்டிசம் முதலியவற்றை உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருப்பதை விண்ணப்பத்தில் எடுத்துரைத்தால், நாடகத்தின் அவசியம் கொடையாளருக்கு நன்கு விளங்கும்.

● வரிச்சலுகை அனுமதி பெற்ற அறக்கட்டளையின் வாயிலாக நன்கொடை பெறுவதாயின், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்திற்குச் சலுகை இல்லையாதலால், காசோலையாகப் பெற்று ரசீது வழங்குங்கள்.

● துன்புற்றோரின் சரிதத்தை, அவர்தம் சம்மதமின்றி, இரக்கத்தைத் தூண்டும் பொருட்டு விளம்பரத்தில் வெளியிடுவது தர்மமன்று. அவர்களுடைய கௌரவத்தைக் காத்துத் திரட்டிய சிறுதொகையே இத்தகைய நாடகத்திற்கு உகந்த மூலதனம்.