பல ஆராய்ச்சிகளில் மரபணுத் தொகுதிகளை ஒருங்கே ஆராயும் முறை

நுரையீரல் புற்றுநோயைக் குறித்துப் பாஸ்டனிலும் மிச்சிகனிலும் தனித்தனியே நிகழ்ந்த இரண்டு ஆராய்ச்சிகளை, 2005-ஆம் ஆண்டில் அரவிந்த் சுப்பிரமணியனும் அவருடைய சகாக்களும் ஒப்பிட்டபோது, நோயின் விபரீத முடிவோடு நெருங்கிய சம்பந்தமுடைய நூறு மரபணுக்களை ஒவ்வொன்றிலிருந்தும் பொறுக்கியெடுத்தும், இரண்டிலும் பொதுவாயிருந்தவை 12 மட்டுமே; ஆனால், தொழிலால் ஒன்றுபட்ட மரபணுத் தொகுதிகளை நோக்கியபோதோ, தேறியவற்றில் ஏறக்குறையப் பாதி இரண்டிலும் காணப்பட்டன. பல ஆராய்ச்சிகளை இணைக்க முற்படுவோர் தொகுதிகளை நாடுவதற்கு இதைவிடச் சிறந்த நியாயம் வேண்டியதில்லை.

முதலில், ஜியோ போன்ற, மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளின் பொதுக் களஞ்சியங்களிலிருந்து, ஒரே திசுவையும் ஒரே கேள்வியையும் கொண்ட ஆராய்ச்சிகளைத் தேர்ந்து, ஒரே நோயாளிகளின் மாதிரிகள் இருவேறு பெயர்களில் இடம்பெறவில்லை என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஒப்பீட்டின் திசையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒன்றில் நோயுற்றோரிலிருந்து ஆரோக்கியரும், மற்றொன்றில் ஆரோக்கியரிலிருந்து நோயுற்றோரும் கழிக்கப்பட்டிருந்தால், பின்வரும் கணக்கு எவ்வளவு சுத்தமாயிருந்தும் பயனில்லை. பிறகு, வெளிப்பாட்டை அளந்த மரபணுச் சில்லுகளின் குறியீடுகளையெல்லாம் ஒரே மரபணுப் பெயர்முறைக்கு மாற்றுக. தொகுதிகளை, முடிவு தெரிவதற்கு முன்பே தீர்மானித்துவிடுவது உத்தமம். எம்சிக்டிபி களஞ்சியத்திலுள்ள 50 ஹால்மார்க் தொகுதிகள் தொடக்கத்துக்குப் போதுமானவை.

இனி, முக்கியமான தீர்மானம் ஒன்று உண்டு: இணைப்பு மரபணு நிலையிலா, தொகுதி நிலையிலா? ஷென், ஸெங் என்னும் இருவர் 2010-இல் இவ்விரு வழிகளையும் பிரித்து ஆராய்ந்து, இரண்டையும் சேர்த்த மூன்றாம் வழியையும் வகுத்தனர். முதல் வழியில், ஒவ்வொரு மரபணுவின் விளைவளவையும் ஆராய்ச்சிகளினூடே இணைத்து, வரிசைப்படுத்தி, ஒரு தொகுதியின் மரபணுக்கள் அவ்வரிசையின் ஒரு முனையில் குவிந்துள்ளனவா என்று பார்க்கும் செறிவுச் சோதனையை ஒரே முறை செய்கிறோம். எளிதாயினும், மரபணுக்கள் ஒன்றையொன்று சார்ந்தே ஏறி இறங்குவதை இவ்வரிசைச் சோதனை கணக்கிலெடுக்காமையால், முடிவு உண்மையைவிட உறுதியானதாகத் தோன்றிவிடும். ஆகவே, ஒவ்வோர் ஆராய்ச்சியிலும் ஒப்பிடப்படும் இரு பக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் ஏழு மாதிரிகளேனும் இருக்குமாயின், மாதிரிகளின் அடையாளங்களைக் கலைத்துத் தனித்தனியே சோதித்து, தொகுதிகளின் பி-மதிப்புகளைப் பின்னர் இணைக்கும் இரண்டாம் வழியையே நான் விரும்புவேன்.

அவ்வாறு ஃபிஷர் முறையால் இணைக்கும்போது, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வெவ்வேறாகக் கணக்கிடுவது அவசியம். இல்லையெனில், எதிரெதிர்த் திசையில் சென்ற இரண்டு ஆராய்ச்சிகள் ஒன்றையொன்று ஆதரிப்பனபோல் காட்சியளிக்கும். மென்பொருள் பி-மதிப்பைப் பூஜ்யமென்று அச்சிட்டால், அதன் மடக்கை எல்லையற்றுப் போய்விடுமாதலால், கலைத்த கணக்கு உண்மையான மதிப்பை எட்டிய தடவைகளின் எண்ணிக்கையோடும், கலைத்த மொத்தத் தடவைகளின் எண்ணிக்கையோடும் ஒவ்வொன்றைக் கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுத்துக்கொள்க. பல சோதனைகளுக்கான திருத்தம் இணைப்புக்குப் பின்னரே வரவேண்டும்.

கடைசியாக, ஒவ்வோர் ஆராய்ச்சியையும் முறையே விலக்கிவிட்டுக் கணக்கை மறுபடி செய்து, ஒன்றை நீக்கியவுடன் சரிந்துவிடும் தொகுதிகளைத் தனியே குறித்துவிட்டு, நிலைத்து நிற்பவற்றில் செறிவுக்குக் காரணமான முன்னணி மரபணுக்கள் எல்லா ஆராய்ச்சிகளிலும் ஒன்றேதானா என்பதை அட்டவணையாக வெளியிடுக.