பனித்தளம் கற்பித்த பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கோண உந்த அழிவின்மை விதியை நடத்தும்போது பேராசிரியர்கள் தவறாமல் கூறும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பனிக்கட்டித் தளத்தில் சுழலும் ஆட்டக்காரர், விரித்த கைகளை மார்போடு சேர்த்தால் இன்னும் வேகமாகச் சுழல்வார் என்பதே அது. முதல் பருவத் தேர்வில் அந்த இயக்கவியல் தாளில் நான் தோற்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவித்த நாட்களில், அந்த எடுத்துக்காட்டுக்கு உயிர் கொடுத்த ஒருவரைப் பற்றிப் படித்தேன். அவர் ஜப்பானின் யுசுரு ஹன்யூ.

இளமையும் இடரும்

ஹன்யூ 1994 டிசம்பர் 7 அன்று சென்டாய் நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே ஆஸ்துமா நோய். ஆயினும் நான்கு வயதில், அக்காவைப் பின்பற்றிப் பனித்தளத்தில் கால் வைத்தார். 2010-இல் உலக இளையோர் பட்டம் அவரைத் தேடி வந்தது.

2011 மார்ச் 11 அன்று பெரும் பூகம்பம் ஏற்பட்டபோது அவர் பயிற்சியில் இருந்தார். சறுக்குக் காலணிகளைக் கழற்றவும் நேரமின்றி வெளியே ஓடினார். சில நாட்கள் குடும்பத்தோடு முகாமில் தங்கினார். பயிற்சித் தளம் மூடப்பட்டது. அந்தப் பதினாறு வயது இளைஞர் ஊர் ஊராகக் காட்சி நிகழ்ச்சிகளில் ஆடி, அதையே பயிற்சியாக்கிக் கொண்டார். மறு ஆண்டே உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் இறுதி ஆட்டத்தில் இருமுறை விழுந்தும் தங்கம் வென்றார். இப்பிரிவில் தங்கம் பெற்ற முதல் ஆசிய ஆடவர் அவரே. 2017 நவம்பரில் கணுக்கால் காயம். 2018 பிப்ரவரியில் மீண்டும் ஒலிம்பிக் தங்கம்! 1948, 1952-இல் வென்ற டிக் பட்டனுக்குப் பின், 66 ஆண்டுகள் கழித்துத் தொடர்ந்து இருமுறை வென்றவர் இவரே.

நான்கரைச் சுற்று

‘ஆக்சல்’ என்னும் தாவல் முன்னோக்கிப் பாய்ந்து பின்னோக்கி இறங்குவது. ஆகவே அரைச் சுற்று கூடுதல். காற்றில் எழுந்த பின் கோண உந்தத்தைக் கூட்ட வழியில்லை. கைகளை ஒடுக்கி நிலைமத் திருப்புத்திறனைக் குறைத்தால்தான் வேகம் கூடும். 60 செ.மீ. எழும்பினால் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.7 வினாடிதான். அதற்குள் நான்கரைச் சுற்று என்றால் சராசரியாக வினாடிக்கு ஆறு சுற்றுக்கும் மேல்!

யாரும் போட்டியில் முடித்திராத அத்தாவலை 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஹன்யூ முயன்றார், விழுந்தார், எழுந்து ஆட்டத்தை முடித்தார். கிடைத்தது நான்காம் இடம். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் 17 வயது இலியா மாலினின் அதை வெற்றிகரமாக முடித்துக் காட்டினார். ஒருவர் விழுந்த இடத்திலிருந்து அடுத்தவர் எழுகிறார். அறிவியலும் இப்படித்தானே வளர்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டின் ஊடே படித்து, 2020-இல் வசேடா பல்கலைக்கழகப் பட்டத்தையும் ஹன்யூ பெற்றார். ஆட்டக்காரரின் உடலசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து ஆராய்வதே அவரது ஆய்வேட்டின் பொருள்.

இதையெல்லாம் படித்த அன்றிரவு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். “மறுபடி எழுதலாமில்ல?” என்று மட்டும் கேட்டார். எழுதினேன், தேறினேன். மதிப்பெண் பெரிதில்லை. தாள் நிலுவை வைத்திருக்கும் நண்பர்களே, வழுக்கும் தளத்தில் விழுவது இழிவன்று. எழுந்து ஆட்டத்தை முடிப்போம்!