சாய்வைத் தடுக்கும் தண்டு

வேகமாகச் செல்லும் பேருந்து இடப்புறம் வளையும்போது நீங்கள் வலப்புறம் சாய்கிறீர்கள் அல்லவா? வண்டியின் உடலும் அவ்வாறே சாய்கிறது.

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கப்பட்டது. அதன் 1975ஆம் ஆண்டு மாதிரியில் உடல் 25 மி.மீ. உயர்த்தப்பட்டது. செலவைக் குறைக்க முன்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டும் நீக்கப்பட்டது. வளைவுகளில் கார் தள்ளாடியது! இத்தகைய பழைய காருக்கு இன்று தண்டு பொருத்த விரும்புபவர், எவ்வளவு தடிமனுள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இத்தண்டு 'ப' வடிவில் வளைந்த எஃகுக் கம்பி. இதன் நடுப்பகுதி காரின் உடலோடும், இரு முனைகள் இரு சக்கரங்களின் தாங்கமைப்போடும் இணைந்திருக்கும். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் தண்டு வெறுமனே சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் தண்டு முறுக்கப்பட்டு, அதை எதிர்க்கும்.

முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் உள்ளது. 16 மி.மீ. தண்டுக்குப் பதில் 19 மி.மீ. தண்டைப் பொருத்தினால், (19/16)⁴ = 1.99. அதாவது, 3 மி.மீ. கூடியதும் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது!

அப்படியானால் மிகத் தடித்த தண்டே சிறந்ததா? இல்லை. தண்டு விறைப்பானால், வளைவில் முன்சக்கரங்களுள் வெளிப்புறத்தது கூடுதல் பளுவையும் உட்புறத்தது குறைந்த பளுவையும் தாங்கும். பளு கூடும் அதே விகிதத்தில் டயரின் பிடிப்பு கூடுவதில்லை. தலா 250 கி.கி. பளுவில் இரு டயர்களும் 230 வீதம், மொத்தம் 460 கி.கி. பிடிப்புத் தருவதாகக் கொள்வோம். பளு 400, 100 எனப் பிரிந்தால் பிடிப்பு 344 + 98 = 442 ஆகக் குறையலாம். முன்சக்கரங்கள் முதலில் வழுக்கும்; திருப்பினாலும் கார் நேரே ஓடும். மழைநாளில் இது ஆபத்து. மாறாக, முன்தண்டு மிக மெலிந்து பின்புறம் விறைப்பாக இருந்தால், பின்சக்கரங்கள் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். மேலும், தடித்த தண்டு ஒரு சக்கரம் கண்ட மேட்டை மறுசக்கரத்துக்கும் உணர்த்தும்.

எனவே, சாய்வு அளவாகக் குறையும் தண்டே ஏற்றது. விட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதிப்பதே அறிவுடைமை.

உங்களுக்கு ஒரு கணக்கு: வெளிவிட்டம் 22 மி.மீ., உள்விட்டம் 16 மி.மீ. கொண்ட குழாயையும், 22 மி.மீ. திண்மத் தண்டையும் ஒப்பிடுங்கள். குழாயின் எடை 47 விழுக்காடுதான். விறைப்போ 72 விழுக்காடு! காரணத்தைச் சிந்தியுங்கள்.